பேஸ்பால் அணியை நடத்தும் கணினி விளையாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் அணியொன்றை வாங்கி, வளர்த்து, நடத்தும் கணினி விளையாட்டுகளைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக விளையாடி வருகிறேன். என் திரையை எட்டிப்பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்லி விளையாடத் தொடங்கியவர்களும் இரண்டு வாரம் கழித்து வந்து ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் சொல்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் நான் அதிகம் விளையாடும் 'அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்' என்ற விளையாட்டை ஒட்டியவை. இந்த வகையைச் சேர்ந்த மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அண்ணா, இதில் பந்தை நாமே அடிக்க முடியாதா?

முடியாது. மட்டை உங்கள் கையில் கிடையாது. யார் மட்டை பிடிப்பது, எந்த வரிசையில் இறங்குவது, யாருக்கு எவ்வளவு சம்பளம், பத்தொன்பது வயதுப் பையனை வளர்ப்பு அணியிலிருந்து மேலே அழைக்கலாமா, இன்னும் ஓராண்டு கீழேயே வைத்திருக்கலாமா என்பவைதான் உங்கள் கையில் இருக்கின்றன.

ஒரு பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பேஸ்பாலில் 'மேனேஜர்' என்றால் களத்தருகே நின்று ஆட்டத்தை நடத்துகிறவர். நம் வழக்கில் பயிற்சியாளர். வீரர்களை வாங்குவது, விற்பது, ஒப்பந்தம் போடுவது எல்லாம் 'ஜெனரல் மேனேஜர்' வேலை. தொடங்கும்போதே இவற்றில் எது வேண்டும் என்று விளையாட்டு கேட்கும். இரண்டையும் சேர்த்தும் எடுத்துக்கொள்ளலாம்.

அடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது என்றால் அதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைச் சொல்கிறேன். ஒன்பதாவது இன்னிங்ஸ். 4-3 என்று என் அணி முன்னிலையில் இருக்கிறது. எதிரணியில் ஒருவர் அவுட். ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவதிலும் மூன்றாவதிலும் ஆட்கள் நிற்கிறார்கள். அடுத்து வருகிறவர் இடக்கை பேட்டர். வீசிக்கொண்டிருக்கும் என் பிட்சர் வலக்கைக்காரர், களைத்துப்போயிருக்கிறார். இடக்கை பேட்டரைத் திணறவைக்கக்கூடிய ஓர் இடக்கை பிட்சர் ஓரத்தில் கையைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் நேற்றும் முந்தாநாளும் வீசியவர். யோசித்தேன், மாற்றினேன். திரையில் வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. முதல் பந்து, ஸ்ட்ரைக். இரண்டாவது, அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே. மூன்றாவது பந்து தரையோடு உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் போகிறது. அதன் பிறகு மூன்று எண்கள்: 6-4-3.

களத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஆறாம் ஆள் எடுத்து நான்காம் ஆளுக்கு எறிய, அவர் மூன்றாம் ஆளுக்கு எறிய, இரண்டு பேர் அவுட், ஆட்டம் முடிந்தது. அந்த மூன்று எண்களைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு மைதானத்தை மனத்தில் வரைந்து பழகியவர்களுக்கு இந்த இன்பம் புதிதல்ல. முப்பரிமாணக் காட்சி வேண்டும் என்பவர்களுக்கு அதுவும் இருக்கிறது. நான் எழுத்தில்தான் பார்க்கிறேன்.

எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். விதிகள் தெரியாமல் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட். ஆக, ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் கிடைப்பது 27 அவுட். அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்த பந்தை விட்டாலோ, மட்டையை வீசித் தவறவிட்டாலோ ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் வெளியே. பிட்சர் அந்த எல்லைக்கு வெளியே நான்கு முறை வீசி, பேட்டர் அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டால், அவர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். அதற்கு 'வாக்' என்று பெயர். நான்கு பேஸையும் சுற்றிவந்தால் ஒரு ரன். அடித்த பந்து வெளிக்களச் சுவரைத் தாண்டிப் பறந்தால் ஹோம் ரன்.

கிரிக்கெட் பார்த்த கண்ணுக்கு ஒன்றுதான் பழக வேண்டும்: தோல்வியின் அளவு. பத்து முறை மட்டை பிடித்து ஏழு முறை அவுட் ஆகிறவர் இங்கே மிகச் சிறந்த வீரர். 1941இல் டெட் வில்லியம்ஸ் .406 சராசரி வைத்தார், அதாவது ஆயிரத்துக்கு 406. அதற்குப் பிறகு, அமெரிக்காவின் முதல்நிலைப் போட்டியான மேஜர் லீக்கின் அமெரிக்க, தேசிய லீக்குகளில் ஒருவரும் ஒரு முழு சீசனில் .400ஐத் தொடவில்லை.

எதை வாங்குவது? என் பழைய மடிக்கணினியில் ஓடுமா?

காசு செலவழிக்கும் முன் ருசி பார்க்க வேண்டும் என்றால் 'ஜென்ஜிஎம் பேஸ்பால்' இருக்கிறது. இணைய உலாவியிலேயே ஓடும், இலவசம். வீரர்கள் எல்லாரும் கற்பனைப் பெயர்கள். ஒரு சீசனைப் பத்து நிமிடத்தில் ஓட்டிவிடலாம்.

பிடித்துப்போனால் அவுட் ஆஃப் தி பார்க். மார்க்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் உருவாக்கி, 1999இல் முதல் பதிப்பு வந்தது. அமெரிக்க மேஜர் லீக்கின் 30 அணிகளும் உண்மையான வீரர்களும் அதில் உண்டு. ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. முதல் முறை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, சென்ற ஆண்டுப் பதிப்பே போதும் என்பதுதான். விலை வெகுவாகக் குறைந்திருக்கும், கற்கவேண்டியது அதிலும் அதேதான். 'பேஸ்பால் மோகல்', 'டயமண்ட் மைண்ட்', 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' ஆகியவையும் பழம்பெரும் பெயர்கள். கணினியைப் பொறுத்தவரை, வரைகலை அட்டை முக்கியமில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் கணக்கிட வேண்டியிருப்பதால் செயலியின் வேகம்தான் முக்கியம். பழைய கணினியில் ஓடும், ஆனால் ஒரு சீசனை ஓட்டுவதற்குள் காபி குடித்துவிட்டு வரலாம்.

முடிவைக் கணினிதானே தீர்மானிக்கிறது? அப்படியானால் இது லாட்டரிதானே?

இந்தக் கேள்விக்கு நல்ல விடை கணினிக்கு வெளியே இருக்கிறது. 1961இல் ஹால் ரிச்மன் என்பவர் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கை அட்டையும் பகடையுமாக வெளியிட்டார். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை, அதில் மூன்று பத்திகள். மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் பிட்சரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். அந்த வரியில் 'ஹோம் ரன்' என்றோ 'அவுட்' என்றோ எழுதியிருக்கும். நல்ல பேட்டரின் அட்டையில், அடிக்கடி விழும் 6, 7, 8 ஆகிய எண்களுக்கு எதிரே நல்ல விளைவுகள் இருக்கும்.

கணினியும் அதையேதான் செய்கிறது. பகடைக்குப் பக்கங்கள் அதிகம், அவ்வளவுதான். பேட்டரின் திறன், பிட்சரின் திறன், யார் எந்தக் கைக்காரர், களைப்பு, மைதானம் எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொரு விளைவுக்கும் ஒரு வாய்ப்பைக் கணக்கிட்டு, பிறகு உருட்டுகிறது. பகடை விழுவது உங்கள் கையில் இல்லை. எந்த அட்டையை மேசையில் வைப்பது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. இது நேற்று வந்த எண்ணமும் அல்ல. ரிச்மன் பகடை உருட்டிய அதே 1961இல் ஜான் பர்கெசன் ஐபிஎம் 1620 கணினியில் பேஸ்பால் ஆட்டத்தை ஓட்டினார். 1971இல் கலிஃபோர்னியாவின் பமோனா கல்லூரியில் மாணவராக இருந்த டான் டேக்லோ பிடிபி-10 கணினிக்கு ஒரு பேஸ்பால் நிரல் எழுதினார்.

தொடக்கத்தில் எந்த அணியை எடுப்பது? எதையெல்லாம் நாமே பார்க்க வேண்டும்?

நடுவில் இருக்கும் ஓர் அணி. மிகச் சிறந்த அணியில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மிக மோசமான அணியில் நான்கு ஆண்டுகள் தோல்வியாகவே கழியும்.

முதல் சீசனில் கீழ்நிலை அணிகள், பயிற்சியாளர் நியமனம், தினசரி ஆட்ட வரிசை எல்லாவற்றையும் உதவியாளர்களிடம் விட்டுவிடுங்கள். மேஜர் லீக் அணியின் 26 பேரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சீசன் 162 ஆட்டம். வாரத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்து, மற்றவற்றை ஓட்டிவிட்டால் போதும். இரண்டாம் சீசனில் ஒவ்வொரு பொறுப்பாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் முதல் நாளே கையில் எடுத்து, ஏப்ரல் மாதத்தைத் தாண்டாமலே கைவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள்.

வீரரின் பக்கத்தைத் திறந்தால் நூறு எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

இரண்டு வகை எண்கள் இருக்கின்றன, அவற்றைக் கலக்காதீர்கள். ஒன்று திறன் மதிப்பீடு: இந்த வீரரால் என்ன முடியும் என்று உங்கள் திறனறிவாளர் நினைப்பது. மற்றொன்று புள்ளிவிவரம்: இதுவரை உண்மையில் நடந்தது. பேஸ்பால் உலகத்தின் மரபுப்படி மதிப்பீடுகளை 20 முதல் 80 வரை வைத்துக்கொள்ளலாம். 50 என்றால் சராசரி மேஜர் லீக் வீரர். 80 என்றால் ஒரு தலைமுறைக்குச் சிலர்.

பேட்டரிடம் நான் முதலில் பார்ப்பது பந்தை விட்டுவிடத் தெரிந்த கண், அடுத்து அடியின் பலம். 27 அவுட்தான் கையிருப்பு என்று மேலே சொன்னேன். அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகிறவர் அந்தக் கையிருப்பைக் காப்பாற்றுகிறார். அடித்துப் போனாரா நடந்து போனாரா என்பது அடுத்த பட்சம். அதனால் பேட்டிங் சராசரியைவிட, வாக்குகளையும் சேர்த்து எண்ணும் பேஸ் அடைவு விகிதம் பெரிய விஷயம். இந்த விகிதத்தைச் சந்தை மலிவாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஓக்லண்ட் ஏ'ஸ் அணி அதை வாங்கிக் குவித்தது. 2002இல் தொடர்ந்து 20 ஆட்டங்கள் உட்பட 103 வெற்றி. அதே ஆண்டு நியூயார்க் யாங்கீஸும் 103 வெற்றிதான் பெற்றது. ஆனால் சம்பளச் செலவு ஏறக்குறைய மூன்று மடங்கு.

பிட்சரிடம் மூன்று எண்கள். பேட்டரை ஏமாற்றும் வேகமும் வளைவும் ஒன்று, ஹோம் ரன் கொடுக்காமல் பந்தை அசையவைப்பது ஒன்று, வாக் கொடுக்காத கட்டுப்பாடு ஒன்று. மூன்றில் இரண்டு 55க்கு மேல் இருந்தால் அவர் எனக்கு வேண்டும்.

.350 அடித்துக்கொண்டிருந்தவரை வாங்கினேன். என்னிடம் வந்ததும் .240. விளையாட்டு ஏமாற்றுகிறதா?

ஏமாற்றவில்லை. எந்த மாதம் வாங்கினீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மே மாதமாக, அதாவது சீசனின் தொடக்கமாக இருக்கும். உண்மையில் .270 திறன் உள்ள ஒருவர் 60 முறை மட்டை பிடித்தால், வெறும் பகடையினாலேயே .213 முதல் .327 வரை எங்கும் நிற்கலாம். மூன்றில் ஒரு முறை அந்த எல்லையையும் தாண்டிவிடுவார். 500 முறை மட்டை பிடித்த பிறகும், அதாவது ஒரு முழு சீசனுக்குப் பிறகும், .250 முதல் .290 வரை ஆடிக்கொண்டுதான் இருப்பார். நீங்கள் வாங்கியது .270 வீரரை, கொடுத்த விலை .350க்கு.

என் முதல் லீக்கில் இதே தவற்றைச் செய்தேன். மே மாதம் சூடாக இருந்த ஒரு முதல் பேஸ்காரருக்காக இருபது வயது பிட்சர் ஒருவரைக் கொடுத்துவிட்டேன். பேட்டர் ஓராண்டில் போய்விட்டார். அந்தப் பிட்சர் பதினொரு ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று முறை, என் அணிக்கு எதிராக வந்து வீசினார். அவர் பெயர் அட்டவணையில் தெரியும் நாளெல்லாம் அந்த வர்த்தகம் நினைவுக்கு வந்தது. இப்போது ஜூலைக்கு முன் யாருடைய சராசரியையும் நம்புவதில்லை. திறன் மதிப்பீட்டையும் மூன்றாண்டுப் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் கையெழுத்திடுகிறேன்.

40 பேர் பட்டியல், ஆப்ஷன், ரூல் 5 என்று என்னென்னவோ வருகின்றன. எளிமையாகச் சொல்ல முடியுமா?

மேஜர் லீக் அணிக்குக் கீழே நான்கு படிகளில் அதன் சொந்த வளர்ப்பு அணிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் கீழே புதுமுகங்களுக்கான லீக். இந்தப் பெருங்கூட்டத்தில் 40 பேரை மட்டும் 'இவர்கள் என்னுடையவர்கள்' என்று வேலி போட்டுக்கொள்ளலாம். அந்த 40இல் 26 பேர் ஆடுகிறவர்கள். பட்டியலில் உள்ள ஒருவரை மூன்று சீசன்களில் மட்டுமே கீழே அனுப்பி மேலே அழைக்க முடியும், இதுதான் ஆப்ஷன். அது தீர்ந்த பிறகு கீழே அனுப்ப முயன்றால், மற்ற அணிகள் அவரை எடுத்துக்கொள்ளலாம்.

ரூல் 5 என்பது வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கானது. சேர்ந்த வயதைப் பொறுத்து நான்கு அல்லது ஐந்து சீசன்களுக்குப் பிறகும் ஒருவரை 40இல் சேர்க்காமல் வைத்திருந்தால், டிசம்பரில் வேறோர் அணி அவரைத் தேர்ந்துகொள்ளலாம். எடுத்த அணி அடுத்த சீசன் முழுவதும் அவரை 26 பேரில் வைத்திருக்க வேண்டும். திறமையுள்ள ஒருவரைப் பெரிய அணி வெறுமனே பூட்டி வைக்கக்கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

இது காகித விதி என்று நினைக்காதீர்கள். அன்றைய விதிகள் சற்று வேறுபட்டிருந்தாலும், 1954 நவம்பரில் இதே வழியில்தான் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியிலிருந்து ராபர்ட்டோ கிளமென்டேயைக் கொண்டுபோனது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அந்த இளைஞர் பிட்ஸ்பர்க்கிலேயே 18 சீசன்கள் ஆடி, சரியாக 3,000 ஹிட்கள் (பந்தை அடித்துப் பேஸை அடைவது) எடுத்தார். நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் 1972 டிசம்பர் 31 அன்று விழுந்ததில் இறந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் 40 பேர் பட்டியலைச் சரிபார்க்கும்போது, வேலிக்கு வெளியே யாரை விடுகிறேன் என்று இரண்டு முறை பார்க்கிறேன்.

பெரிய வீரருக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தேன். மூன்றாம் ஆண்டே தளர்ந்துவிட்டார். வழி உண்டா?

பெரிதாக இல்லை. சம்பளத்தின் ஒரு பகுதியை நீங்களே கட்டுவதாக ஒப்புக்கொண்டால் யாராவது வாங்கலாம். ஆனால் இந்தப் பள்ளம் முதலிலேயே தெரிந்ததுதான். ஒரு வீரர் ஆறு ஆண்டுகள் மேஜர் லீக் சேவை முடித்த பிறகே, எந்த அணியோடும் ஒப்பந்தம் பேசக்கூடியவராகச் சந்தைக்கு வர முடியும். முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தையொட்டி வாங்குவார் (2025இல் அது 7,60,000 டாலர்). அடுத்த மூன்று ஆண்டுகள், சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவரின் தீர்ப்பில் கூடும். இருபத்துமூன்று வயதில் வந்தவர் சந்தைக்கு வரும்போது இருபத்தொன்பது. உச்ச வயது 26 முதல் 29 வரை. கடந்துபோன ஆண்டுகளுக்கான விலையைக் கடக்கப்போகும் ஆண்டுகளுக்குக் கொடுக்கிறோம்.

உண்மை உலகமும் இப்படித்தான். ஆல்பர்ட் புஹோல்ஸ் என்ற மாபெரும் வீரருக்கு 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி பத்து ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. அப்போது அவருக்கு 32 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் செயின்ட் லூயிஸ் அணியில் ஆடிய அந்தப் பழைய புஹோல்ஸை ஏஞ்சல்ஸ் பெறவே இல்லை. 2021 மே மாதத்தில் ஒப்பந்தம் முடியும் முன்பே விடுவித்தது. என் வழக்கம் வேறு: 24 வயதில் மேலே வந்து நன்றாக ஆடும் பையனிடம், சந்தைக்கு வர நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே பேசிவிடுவேன். பணத்தாசை குறைவு, விசுவாசம் அதிகம் என்று அவருடைய குணப்பக்கம் சொன்னால் அன்றே பேசுவேன்.

என் பிட்சர்கள் எல்லாரும் காயப்பட்டு உட்கார்ந்துவிடுகிறார்களே?

முழங்கை நாண் கிழிவது பிட்சர்களின் தலையெழுத்து. ஆட்டங்களை மாறி மாறித் தொடங்கும் பிட்சர்களின் சுழற்சிக்கு ஐந்து பேருக்குப் பதில் எட்டுப் பேரை வைத்திருங்கள். நூறு பந்தைத் தாண்டியவரை வெளியே எடுங்கள். காயப்பட்டவரை உடனே விற்றுவிடாதீர்கள். 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கையில், அவருடைய மற்றக் கையிலிருந்து எடுத்த நாணை வைத்துத் தைத்தார். அதன் பிறகு டாமி ஜான் 164 ஆட்டங்கள் வென்றார். அதற்கு முன் வென்றது 124. விளையாட்டிலும் அறுவை சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்கு மேல் பொறுத்தால் பலர் திரும்பி வருகிறார்கள்.

மைதானம் பொருட்டா?

மிகவும் பொருட்டு. டென்வர் நகரின் கூர்ஸ் ஃபீல்டு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் பந்து தூரம் போகும், வளைவது குறையும். அங்கே 30 ஹோம் ரன் அடித்தவரை வாங்கிக் கடலோர அணிக்குக் கொண்டுவந்தால் 20 அடிப்பார். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கச் சுவர் 11 மீட்டருக்கு மேல் உயரம். அந்த அணியை எடுத்தால் அந்தச் சுவரில் மோத அடிக்கத் தெரிந்த வலக்கை பேட்டர்களைத் தேடுங்கள்.

என் அணி உண்மையில் நல்ல அணியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெற்றிப் பட்டியலைப் பார்க்காதீர்கள். எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் பாருங்கள். பேஸ்பால் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து எழுதிய பில் ஜேம்ஸ் கண்டுபிடித்த கணக்கு இது: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்ததின் வர்க்கமும் கொடுத்ததின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம் கிடைக்கும். 750 எடுத்து 650 கொடுத்த அணிக்கு .571, 162 ஆட்டத்தில் 92 அல்லது 93 வெற்றி. அந்த அணி 85 வென்றிருந்தால், ஒரு ரன் வித்தியாசத்தில் போன ஆட்டங்களில் பகடை கவிழ்த்திருக்கிறது. அணியைக் கலைக்காதீர்கள். 99 வென்றிருந்தால் அடுத்த ஆண்டு சறுக்கலுக்குத் தயாராகுங்கள்.

104 ஆட்டம் வென்றேன். சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் முதல் தொடரிலேயே வெளியே போனேன். இது என்ன நியாயம்?

எதிரணியை ஆட்டத்துக்கு 55 விழுக்காடு வாய்ப்புடன் வெல்லக்கூடிய அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு 59 விழுக்காடு. ஏழு ஆட்டத் தொடரில் 61. ஐந்து, ஏழு, ஏழு என்று மூன்று தொடர்களையும் வென்று கோப்பையைத் தூக்க, ஐந்தில் ஒரு முறைக்குச் சற்று அதிகமான வாய்ப்புதான். 1906இல் சிகாகோ கப்ஸ் 116 ஆட்டம் வென்றது. கோப்பைக்கான இறுதித் தொடரான உலகத் தொடரில் அதே ஊரின் ஒயிட் சாக்ஸிடம் தோற்றது. 2001இல் சியாட்டில் மரைனர்ஸும் 116 வென்றது. உலகத் தொடருக்கே போகவில்லை. உங்கள் 104இல் குற்றம் எதுவும் இல்லை.

தோற்ற ஆட்டத்தை மறுபடி ஏற்றி ஆடுவதில் என்ன தவறு?

உங்கள் கணினி, உங்கள் விருப்பம். ஆனால் நான் அழுத்தமாகவே சொல்கிறேன்: செய்யாதீர்கள். முந்தைய விடையில் சொன்ன ஐந்தில் ஒன்று என்ற வாய்ப்புதான் கோப்பைக்கு எடை தருகிறது. என் அணி பதினான்காவது சீசனில் முதல் முறை கோப்பை வென்றபோது அன்றிரவு தூங்க நெடுநேரம் ஆனது. அதற்கு முன்பு போன பதின்மூன்றும் அப்படியே கோப்பில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திருத்தியிருந்தாலும் அந்த இரவு எனக்குக் கிடைத்திருக்காது.

கணினி அணிகளை வர்த்தகத்தில் எளிதாக ஏமாற்ற முடிகிறது. அலுத்துவிட்டது. அடுத்து என்ன?

அமைப்புகளில் வர்த்தகக் கடினத்தை உயர்த்துங்கள். திறனறிவாளரின் துல்லியத்தைக் குறையுங்கள். முடிந்தால் மற்றவர்களின் திறன் எண்களை மறைத்துவிட்டுப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து ஆடுங்கள்; .350 பற்றி மேலே சொன்னது அப்போது நூறு மடங்கு உண்மையாகும். ஆண்டுக்கு மூன்று வர்த்தகம் மட்டும் என்று நானே எனக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்.

அதுவும் போதாவிட்டால் மனிதர்களோடு ஆடும் லீக்குகள் இருக்கின்றன. முப்பது அணிகளுக்கு முப்பது பேர். ஒருவர் ஆணையராக இருந்து வாரத்தில் குறித்த நாள்களில் லீக்கை ஓட்டுவார். அதற்குள் உங்கள் முடிவுகளைக் கோப்பாக அனுப்பிவிட வேண்டும். எதிரே இருப்பவரும் உங்களைப் போலவே இரவு முழுக்க யோசித்தவர் என்பதால் ஒரு வர்த்தகத்தைப் பேசி முடிக்க பத்து நாள் ஆகும்.

பழைய காலத்து அணிகளை வைத்து ஆட முடியுமா? வரலாறு மாறிவிடாதா?

முடியும். 1871 முதல் எந்த ஆண்டிலும் தொடங்கலாம். அந்தந்த ஆண்டின் வீரர்கள் வருவார்கள், ஆனால் நடப்பது வேறாக இருக்கும். வரலாறு மாற வேண்டும் என்பதற்காகத்தான் நான் அதை ஆடுகிறேன்.

அமெரிக்க மேஜர் லீக் 1947 வரை கறுப்பின வீரர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. அவர்கள் தங்களுக்கென்று நீக்ரோ லீக்குகளை நடத்தினார்கள். அங்கே ஆடியவர்களில் தலையானவர் ஜாஷ் கிப்சன் என்ற கேட்சர். அவர் ஆடிய ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி, பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டை வாடகைக்கு எடுத்து ஆடியது. அதே மைதானத்தின் சொந்தக்கார அணியான பைரேட்ஸில் அவருக்கு இடமில்லை. 1947 ஜனவரி 20 அன்று 35 வயதில் இறந்தார். ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் அந்தத் தடையை உடைத்து புரூக்ளினுக்காகக் களமிறங்கினார். மூன்று மாதம்கூட இல்லை. 2024 மே மாதத்தில் நீக்ரோ லீக் கணக்குகள் மேஜர் லீக் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, .372 என்ற வாழ்நாள் சராசரியோடு கிப்சன் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தார்.

விளையாட்டின் அண்மைப் பதிப்புகளில் நீக்ரோ லீக் வீரர்களும் இருக்கிறார்கள். நிறத்தடையை நீக்கிவிட்டு 1934இல் ஒரு லீக் தொடங்கினேன். பைரேட்ஸை எடுத்தேன். 22 வயது கிப்சனைப் பிடித்து மட்டை வரிசையில் நான்காம் இடத்தில் இறக்கினேன். ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் ஏப்ரல் மாதத்து ஆட்டம் ஒன்றில், இரண்டாவது இன்னிங்ஸில், இடப்பக்கச் சுவரைத் தாண்டிப் போனது என்று ஒரு வரி வந்தது. ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1947 ஏப்ரல் வந்தபோது என் லீக்கில் அவருக்கு 35 வயது. கேட்சராகக் குந்தி உட்கார முழங்கால் இடம் கொடுக்காததால் முதல் பேஸுக்கு மாற்றியிருந்தேன். ஏப்ரல் 15 அன்றும் வரிசையில் அவர் பெயரை எழுதினேன்.